முதல் வெளிநாட்டுப் பயணம்: ஊர்க்காரரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது?

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் திருநகர், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம் பகுதிக் குடும்பங்கள் நம்மிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலேசியா, சிங்கப்பூர் போயிட்டு வரலாம்னு இருக்கோம். தொழுகை, சாப்பாடெல்லாம் அங்கே எப்படி?"

தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் பதில் சொல்வது எளிது. ஆனால் முதன்முறையாகப் பல ஊர்களுக்குச் செல்லும் குடும்பம் பெரும்பாலும் சிரமப்படுவது வேறு இடத்தில். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல், எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டுக் குழம்பிவிடுகிறார்கள். அதற்கான ஒழுங்கை இந்தக் கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

ஒரு குடும்பத்தின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். திருநகரில் வசிக்கும் ஒரு சகோதரர் மூன்று ஆண்டுகள் சேமித்து, மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயதுத் தாயாருடன் புறப்படத் திட்டமிட்டார். ஐவருக்கும் அதுதான் முதல் பாஸ்போர்ட். தாயாரின் மூத்த சகோதரி இளவயதிலேயே பினாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போனவர். இருவரும் நேரில் பார்த்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டிராவல்ஸ் ஏஜென்ட் தந்த தாளில் ஏழு நாள் பயணம் இருந்தது: கோலாலம்பூர், கெந்திங் மலை, லங்காவித் தீவு, சிங்கப்பூர். நடுவில் பினாங்குக்கு அரை நாள்.

முன்பணம் கட்டுவதற்கு முந்தைய நாள் அந்தச் சகோதரர் பினாங்கில் இருக்கும் பெரியம்மா மகனுக்குப் போன் செய்தார். அவர் முழுத் திட்டத்தையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, சின்னம்மாவால எத்தனை படி ஏற முடியும்?"

தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அந்த விஷயம் ஏஜென்டுக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு தாள் மாறியது. லங்காவியும் கெந்திங்கும் போயின. பினாங்குக்கு மூன்று இரவுகள் வந்தன.

முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

மார்க்கத்தில் பயணம் தடுக்கப்பட்ட ஒன்றல்ல. பூமியில் சுற்றி வந்து படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஹஜ். ஹஜ் கடமையாகும் அளவுக்கு வசதி வந்துவிட்டவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பணத்தைச் சுற்றுலாவில் செலவழிப்பது தகுமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தம் நிலையைச் சொல்லி ஆலிமிடம் விளக்கம் பெற வேண்டும்.

இரண்டாவது, கடன். தவணை தவறிய கடன் இருக்கும்போது, அதிலும் வட்டிக்கு வாங்கிப் பயணம் போவது பரக்கத்தை அழித்துவிடும். கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்துவிட்டு, திரும்பி வந்து வட்டி கட்டுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, நோக்கம். உறவினரைப் பார்க்கவா, பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டவா, ஓய்வுக்கா? மேலே சொன்ன குடும்பத்தின் உண்மையான நோக்கம் இரண்டு சகோதரிகள் சந்திப்பது. ஏஜென்டின் தாளில் அதற்குக் கிடைத்தது அரை நாள். நோக்கத்தை நாமே தெளிவாகச் சொல்லாவிட்டால் மற்றவர்கள் தங்கள் வசதிப்படி ஒரு நோக்கத்தைத் தந்துவிடுவார்கள்.

மதுரைக்கு வந்த ஒரு பயணி

இப்னு பதூதாவை நாம் அறிவோம். 1325-ல் மொரோக்கோவின் தான்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகத் தனியாகப் புறப்பட்டவர், இலங்கையிலிருந்து கிளம்பிய கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவினர். மதுரையில் கொள்ளைநோய் பரவிய நேரத்தில் இவரும் காய்ச்சலில் விழுந்தார். இங்கே தாராளமாகக் கிடைக்கும் புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாகத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். பிறகு கிழக்கே போய்ச் சுமத்ரா தீவையும் கண்டார்.

அவர் நூலெங்கும் ஒரு வழக்கத்தைக் காணலாம். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள காழி, ஆலிம்கள், வணிகர்கள் ஆகியோரைத்தான் முதலில் நாடுகிறார். அலெக்சாந்திரியாவில் அவர் சந்தித்த ஒரு பெரியவர், இந்தியா, சிந்து, சீனா ஆகிய நாடுகளிலிருந்த தம் சகோதரர்கள் மூவருக்கு ஸலாம் சொல்லி அனுப்பினார். அந்த ஸலாமைச் சுமந்து போய் மூவரையும் சந்தித்ததாக அவர் எழுதுகிறார். ஓர் ஊர்க்காரர் அடுத்த ஊர்க்காரரைக் காட்டிக் கொடுப்பது நம் சமுதாயத்தின் பழைய வழக்கம்.

யாரிடம் எதைக் கேட்பது

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தைச் சுமப்பவர் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. இதில் இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு. சொல்பவர் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கேட்பவர், அவருக்குத் தெரியக்கூடியதை மட்டும் கேட்க வேண்டும்.

விசா, பாஸ்போர்ட், சுங்கம் இவற்றை அந்தந்த அரசின் இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். 20 ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் வாழும் நம் மாமா மலேசியர்களுக்கான வரிசையில் நுழைபவர். வெளிநாட்டவருக்கான விதி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. "அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று அன்பாகச் சொல்லிவிடுவார். விமான நிலையத்தில் நிற்கப் போவது நாம்.

எந்தப் பகுதியில் தங்கினால் பள்ளிவாசலும் கடையும் நடக்கிற தூரத்தில் இருக்கும், எந்த நாளில் சாலை நெரியும், எந்த இடத்தில் முதியவர்களுக்கு லிஃப்ட் இருக்கும், டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும். இதில் எந்த ஏஜென்டும் அவருக்கு ஈடாக மாட்டார்.

கேட்கும்போது நம் நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். யார் யார் வருகிறோம், என்ன வயது, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முழங்கால் வலி, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் பயனுள்ளதாக இருக்கும். "என்ன பாக்கலாம்?" என்று கேட்டால் இருபது இடங்களின் பெயர் வரும். "நடக்க முடியாத அம்மாவோடு ஒரு பகல் இருக்கிறது, உங்க அம்மாவா இருந்தா எங்கே கூட்டிப் போவீங்க?" என்று கேட்டால் இரண்டு இடங்கள் வரும். அந்த இரண்டும் சரியாக இருக்கும்.

ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்பது நல்லது. பத்துப் பேரிடம் கேட்டால் குழப்பமே மிஞ்சும்.

வழித்தடம்: ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுங்கள்

பினாங்கு வடக்கே இருக்கிறது. கோலாலம்பூர் நடுவில், மலாக்கா அதற்குத் தெற்கே, சிங்கப்பூர் கடைக்கோடியில். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நீண்ட காலமாக விமானங்கள் பறக்கின்றன. சிங்கப்பூருக்கு மதுரையிலிருந்தே சேவை இருந்து வந்திருக்கிறது. விமானத் தடங்களும் நேரங்களும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பயணத்தில் பலர் செய்யும் தவறு, போன ஊரிலிருந்தே திரும்பும் டிக்கெட்டை எடுப்பது. சிங்கப்பூரில் இறங்கி, மலேசியா முழுவதும் சுற்றிவிட்டு, விமானம் ஏறுவதற்காக மீண்டும் சிங்கப்பூருக்கு வர வேண்டியதாகிவிடும். ஒரு முழு நாள் வீணாகும். அத்துடன் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைய வேண்டியிருக்கும். கையிலிருக்கும் விசா ஒரு முறை நுழைய மட்டும் அனுமதிப்பதாக இருந்தால் பயணமே சிக்கலாகிவிடும்.

இதற்குப் பதிலாகக் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து பினாங்குக்குச் சென்று, படிப்படியாகத் தெற்கே வந்து, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பலாம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார ரயில் சுமார் 4 மணி நேரத்தில் செல்கிறது. அங்கிருந்து படகில் ஏறினால் ஜார்ஜ் டவுன். உள்நாட்டு விமானமும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் சுமார் 2 மணி நேரம். மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கும் பேருந்து உண்டு. ஜொகூர் எல்லையில் மலேசிய வாசலிலும் சிங்கப்பூர் வாசலிலும் பெட்டிகளோடு இறங்கி ஏற வேண்டும். வார இறுதியிலும் பெருநாள் விடுமுறையிலும் அந்தப் பாலத்தில் மணிக்கணக்கில் நெரிசல் ஏற்படும். எல்லையைக் கடப்பதற்குச் செவ்வாய், புதன் போன்ற நாள்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு இரவுகள் என்பது நாம் சொல்லும் கணக்கு. ஊர் மாறும் நாளைப் பார்வையிடும் நாளாக எண்ணவே கூடாது. பெட்டி கட்டி, அறையை ஒப்படைத்து, வண்டி பிடித்து, அடுத்த அறையில் பெட்டியை வைக்கும்போது அஸர் ஆகிவிடும்.

நகரம் நகரமாக

பினாங்கு: ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஜார்ஜ் டவுனில் 1801-ல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கடல் கடந்து போன தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைச் சொல்லும். அதைச் சுற்றியுள்ள சூலியா தெருப் பகுதியில் நம் மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடையநல்லூர், தென்காசி, நாகூர், காரைக்கால், இராமநாதபுரம் கடற்கரை ஊர்கள் எனப் பல இடங்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நாடுகளில் வாழ்கிறார்கள். பழைய நகரப் பகுதியிலேயே தங்கினால் முதியவர்களும் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம். வெயில் ஏறுமுன் காலையில் நடப்பது நல்லது.

கோலாலம்பூர்: இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909-ல் திறக்கப்பட்ட ஜாமிக் பள்ளிவாசல், 1965-ல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், அதன் அருகிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். துணிமணி வாங்க மஸ்ஜித் இந்தியா வீதி இருக்கிறது. அதே பெயரிலுள்ள பள்ளிவாசல் இந்திய முஸ்லிம்களால் உருவானது.

மலாக்கா: 1748-ல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய கம்போங் கெலிங் பள்ளிவாசல் மூன்றடுக்குக் கூரையோடு நிற்கிறது. அதே தெருவில் சற்றுத் தள்ளி ஒரு பிள்ளையார் கோவிலும், அதே வரிசையில் பழமையான சீனர் கோவிலும் உள்ளன. பல சமயத்தார் அண்டை வீட்டாராக எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இடம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் இரவுச் சந்தைக் கூட்டம் அதிகம். அமைதியை விரும்புபவர்கள் வாரநாளில் வர வேண்டும்.

சிங்கப்பூர்: தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல்-அப்ரார் பள்ளிவாசல், அதன் அருகில் 1828 - 1830 காலத்தில் எழுந்து இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கும் நாகூர் தர்கா கட்டடம், லிட்டில் இந்தியாவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் ஆகியவை நம் முன்னோர்களின் தடங்கள். நான்கு ஊர்களில் அறை வாடகை அதிகமாக இருப்பது இங்கேதான். அதனால் பலர் இங்கு நாள்களைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆவணங்கள்

பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் தேவை. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரே பெயரை ஆதாரில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் எழுதும் வழக்கம் இருப்பதால் இதில் கவனம் தேவை.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. விசா வேண்டாம் என்றாலும், வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிட விவரம், செலவுக்கான பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். மலேசியாவில் நுழைந்து சிங்கப்பூர் வழியாகத் திரும்புபவர்கள், சிங்கப்பூரிலிருந்து இந்தியா வரும் டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்டுகள் மூலம் விண்ணப்பிக்கலாம். அங்கும் வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பும் வருகை அட்டை உண்டு. இரு நாடுகளின் வருகை அட்டைகளுக்கும் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசின் தளம் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் சிலரின் பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகையாக இருக்கும். மலேசியா அந்தப் பட்டியலில் உள்ள நாடு. வேலைக்காக அல்லாமல் பார்வையாளராகச் செல்பவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. எனினும் திரும்பும் டிக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "விசா இல்லாமப் போகலாம், அங்கே போய் வேலையில சேந்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்வையாளராக நுழைந்தவர் வேலை செய்வது குற்றம். பணத்தை இழந்து, பிடிபட்டு, குடும்பத்தையே தவிக்க விடும் வழி அது.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

உறவினர் வீட்டுக்குப் போகிறோம் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் மசாலா சாமான்களைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. குருமாவுக்காக எடுத்துச் சென்ற ஒரு பொட்டலம் விசாரணையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மெல்லும் புகையிலை, குட்கா ஆகியவற்றுக்கும் அங்கே தடை. சிகரெட்டுக்கு வரிச் சலுகை இல்லை. சூயிங்கம்மும் கொண்டு போகக் கூடாது. இறைச்சிப் பண்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் அதற்குத் தடை உண்டு.

மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படும்.

பிறர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை வரை உண்டு. "இது எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை அங்கே எளிதில் எடுபடாது. மறுத்தால் தந்தவர் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம்.

உணவு: ஹலால் முத்திரைக்கு அப்பாலும் ஒரு விஷயம்

மலேசியாவில் 'ஜாக்கிம்' அமைப்பும், சிங்கப்பூரில் 'முயிஸ்' அமைப்பும் ஹலால் சான்றிதழ் தருகின்றன. கடையில் அந்த முத்திரையைப் பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது.

நம் குடும்பங்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று மத்ஹபு. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அவர்களுக்குக் கணவாயும் நண்டும் சிக்கலில்லாத உணவு. மதுரைப் பகுதியில் நம்மில் பலர் ஹனஃபி. ஹனஃபி மத்ஹபில் மீன் அல்லாத கடல் உயிரினங்கள் கூடாது. இறாலைப் பற்றி மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹலால் முத்திரையுள்ள கடையிலும் நம் தட்டில் கணவாய் வரலாம். ஆகவே இந்த மூன்று மலாய்ச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சோத்தோங் என்றால் கணவாய், கெத்தாம் என்றால் நண்டு, ஊடாங் என்றால் இறால்.

பினாங்கின் புகழ்பெற்ற நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த உணவு. காவடி போலத் தோளில் சுமந்து விற்றதால் அந்தப் பெயர் வந்தது. சோற்றின் மேல் நாம் கை காட்டும் ஒவ்வொரு கறிக்கும் தனி விலை. பெரிய இறாலைக் காட்டினால் தொகை எகிறும். வைக்கச் சொல்வதற்கு முன் விலையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தேநீரில் இனிப்பு அதிகமாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் 'குராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள்.

தொழுகை: மத்ஹபுக்கு ஏற்பத் திட்டமிடுங்கள்

இரு நாடுகளிலும் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கோலாலம்பூரில் சுப்ஹு ஏறக்குறைய 6 மணிக்கு வருகிறது. மஃரிப் 7 மணிக்கு மேல். மதுரைப் பழக்கத்தில் 5 மணிக்கு எழுந்து சுப்ஹைத் தொழுதுவிட்டால் நேரத்துக்கு முன் தொழுததாகிவிடும்.

ஊர் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லும் நிய்யத்துடன் புறப்பட்டவர் முஸாஃபிர். ஹனஃபி மத்ஹபில் ஒரே ஊரில் 15 நாள் தங்கும் நிய்யத் இல்லாதவரை நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகக் கஸ்ர் செய்ய வேண்டும். பல ஊர்களில் தங்கும் நாள்களைக் கூட்டிக் கணக்கிடக் கூடாது. பினாங்கில் 8 நாள், கோலாலம்பூரில் 8 நாள் என்றாலும் அவர் முஸாஃபிர்தான். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓர் ஊரில் முழுமையாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தால் அங்கே கஸ்ர் இல்லை. ஓர் ஊருக்கு இரண்டு, மூன்று இரவுகள் என்ற திட்டத்தில் இரு மத்ஹபினருக்கும் பயணம் முழுக்கக் கஸ்ர் பொருந்தும். உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும்.

ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்த அனுமதி இல்லை. ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுதுகொள்ளலாம். எனவே எல்லையைக் கடக்கும் நாளில் பேருந்தின் நேரத்தைத் தொழுகை நேரத்தோடு வைத்துப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

நம் சகோதரிகளுக்கு ஒரு நற்செய்தி. அங்குள்ள பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடமும் ஒளு செய்யும் வசதியும் பரவலாக உண்டு. மலேசியாவின் வணிக வளாகங்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் 'சூராவ்' என்ற தொழுகை அறைகள் இருக்கும்.

உறவினர் வீட்டில்

விருந்து மூன்று நாள் என்றும், உபசரிப்பவருக்குச் சங்கடம் உண்டாகும்வரை விருந்தாளி தங்கியிருக்கக் கூடாது என்றும் நபிமொழிகளின் கருத்து நமக்கு வழிகாட்டுகிறது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள் சிறியவை. வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். "நம்ம வீடு இருக்கும்போது ஹோட்டல் எதுக்கு?" என்று அவர்கள் சொல்வது அன்பு. பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஒரு வேளை உணவுக்கு மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போவது நாம் காட்டும் அன்பு. மலேசிய விடுதிகளில் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலோசனை சொன்னவர் நம்மை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. அவர் விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். ஊர் திரும்பியதும் ஒரு போன் செய்து, அவர் சொன்னது எப்படிப் பயன்பட்டது என்று சொல்லி நன்றி தெரிவியுங்கள்.

நிறைவாக

திருநகர்க் குடும்பம் ஊர் திரும்பிய பிறகு நம்மைச் சந்தித்தது. பினாங்கில் மூன்று நாளும் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டோம். பிள்ளைகள் பள்ளிவாசலையும் படகையும் பற்றிச் சொன்னார்கள். தாயார் சொன்னார்: "நான் எங்கேயும் போகல ஹஜ்ரத். அக்கா வீட்டு அடுப்படியில உக்காந்திருந்தேன். அது போதும்."

இப்போது அவர்கள் தெருவில் அடுத்த குடும்பம் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறது. அந்தச் சகோதரரிடம்தான் ஆலோசனை கேட்கிறார்கள். அமானிதம் இப்போது அவர் கைக்கு வந்துவிட்டது. நாம் அவரிடம் சொன்னது இதுதான்: போன ஊரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள். விசாவைப் பற்றிக் கேட்டால் அரசு இணையதளத்தைக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் யாருக்கு முழங்கால் வலி என்று கேளுங்கள்.

நம் பயணங்களை அல்லாஹ் எளிதாக்கி, உறவுகளைச் சேர்த்து வைக்கும் பயணங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.